சொல்லக் கூடாதவை பதினொன்று

கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தபோது அவள் எனக்கு ஒரு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள். மதிப்பெண்ணிலும் பின்னால்தான். பிறகு இருவருக்கும் ஒரே காப்பீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நான் சேலம் அலுவலகத்தில் முதலீட்டாளர் தொடர்புப் பிரிவு. எங்கள் பங்குகளை வாங்கி வைத்திருக்கும் நிதி நிறுவனங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பவள். அவள் நாமக்கல்லில் சர்வேயர். விபத்தில் அடிபட்ட லாரியைப் பார்த்து இழப்பீட்டை மதிப்பிடுபவள். என் வேலை நிரந்தரம். அவளுக்குத் தகுதிகாண் காலம் முடிய ஒரு மாதம் இருந்தது. பொறாமைப்பட வேண்டியவள் அவள்தான் என்று நினைத்திருந்தேன்.

லாரி இழப்பீடு எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க மும்பை நிதி நிறுவனம் ஒன்றிலிருந்து மூன்று பேர் நாமக்கல் வருவதாக இருந்தது. இப்படி யாராவது வருவதற்கு முன் நான் ஒரு பட்டியல் அனுப்புவது வழக்கம்: சொல்லக் கூடாதவை, மொத்தம் பதினொன்று. எல்லாம் ஒரே விதியின் கிளைகள். வெளியே அறிவிக்காத எதையும் ஒரு முதலீட்டாளர் காதில் மட்டும் போடக் கூடாது.

மின்னஞ்சலில் நான்கு முகவரிகள். கிளை மேலாளர், அலுவலகத்தில் இருவர், கடைசியாக அவள். அன்று காலைதான் மேலாளர் போனில், "பட்டறைல அந்தப் புள்ளயே பேசட்டுங்க. அது பேசுனா எல்லாருக்கும் புரியுமுங்க" என்றிருந்தார். நான் அவள் முகவரியை அழித்துவிட்டு அனுப்பினேன். லாரியைக் காட்டப் போகிறவளுக்கு இது எதற்கு என்று எனக்கே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

சேந்தமங்கலம் சாலையில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை. முன்பக்கம் நொறுங்கிய லாரி நின்றது. அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கேபினுக்குள் ஏறி, எந்த அடி புதியது, எது பழையது என்று துருவைக் காட்டிச் சொன்னாள். லாரிக்காரர் விடவில்லை.

"ஏனுங்க சாமி, அந்தப் பழைய நெளிசலையும் சேத்து எழுதுனா உங்க கம்பெனி கொறஞ்சா போயிருமுங்க?"

"எழுதறேனுங்க. அப்படியே உங்க மாமனார் ஊட்டு லாரியவும் சேத்தரட்டுங்களா?"

பட்டறையே சிரித்தது. வந்தவர்களில் தமிழ் தெரிந்தவர் மொழிபெயர்க்க, மற்ற இருவரும் சிரித்தார்கள். அச்சடித்த பதில்களோடு ஓரமாக நின்ற என்னைப் பார்த்து லாரிக்காரர், "அந்தப் புள்ள எதுக்குங்க பரிச்சைக்கு வந்தாப்புல நிக்குது?" என்றார். அதற்கும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

தமிழ் தெரிந்தவர் அவளிடம் கேட்டார். "இப்ப க்ளெய்ம் எல்லாம் எப்படிம்மா வருது?"

"ரொம்பக் கம்மிங்க சார். போன மூணு மாசத்துல வந்ததுல பாதிகூட இந்தத் தடவ இல்லீங்க."

காலாண்டு முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. முடியாத காலாண்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் பட்டியலில் மூன்றாவது. அவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அது அவள் பார்க்கும் சில ஊர்களின் நிலை மட்டுமே என்று நான் உடனே குறுக்கிட்டுச் சொன்னேன். ஆனால் அதற்கு முன், ஒரு நொடி, எனக்கு வந்தது பதற்றம் அல்ல. சந்தோஷம்.

மறுநாள் விதிமீறல் படிவத்தை நிரப்பினேன். ஒன்பது கேள்விகள். எட்டு வரை தடையில்லை. ஒன்பதாவது: பேசியவருக்கு முன்கூட்டியே விளக்கம் தரப்பட்டதா? தரப்பட்டது என்றால் அவள் வேலை நிரந்தரமாகாது, போனாலும் போய்விடும். 'பட்டியல் நாமக்கல் கிளைக்கு அனுப்பப்பட்டது' என்று தட்டச்சு செய்தேன். அதில் பொய்யே இல்லை. முற்றுப்புள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அவள் கூப்பிட்டாள்.

"நேத்து நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனா புள்ள? மேனேஜர் மொகமே சரியில்ல."

"பாக்கறேன்."

"நீ பக்கத்துலயேதான நின்ன? ஒரு சாடை காட்டியிருக்கலாமுல்ல?"

சாப்பிடாமல் திரும்பி வந்தேன். அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, 'இல்லை. அவர் முகவரியை நான் விட்டுவிட்டேன்' என்று எழுதி அனுப்பினேன். ஏன் விட்டாய் என்று சென்னையிலிருந்து என் மேலாளர் கேட்டார். கவனக்குறைவு என்றேன். நம்பிவிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமானது. மும்பைக்காரர்கள் அடுத்த முறையும் அவளே பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அதனால் பதினொன்றையும் நானே போனில் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

"அப்ப எதைத்தாம் புள்ள பேசறது?"

"'அந்தத் தகவலைப் பகிரும் நிலையில் நாங்கள் இல்லை'ன்னு சொல்லணும்."

"அது என்னமோ மறைக்கறாப்புல இருக்குது. 'ரிசல்ட்ட நானும் உங்களோட சேந்துதானுங்க பாப்பேன்'னு சொன்னா ஆவாதா?"

என் வாக்கியத்தை நான் நான்கு முறை திருத்தி எழுதியிருந்தேன். அவளுடையது விதிக்கும் பொருந்தியது, காதுக்கும் நன்றாக இருந்தது. பட்டியலின் அடியில் அதைச் சேர்த்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினேன். யார் சொன்னது என்று எழுதவில்லை. என் மேலாளர், 'இந்த வரி அருமை' என்று பதில் போட்டிருந்தார். 'நன்றி சார்' என்று எழுதினேன்.