கடலடி எரிமலையும் ராகு காலமும்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கடலடி எரிமலைகளைப் பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடத்தினோம். நடத்தினோம் என்றால், சென்னையில் நான் வேலை பார்த்த கல்லூரியின் நிலவியல் துறைத் தலைவர் நடத்தினார். நான் நாற்காலி பிடித்தேன், பஸ் பிடித்தேன், தினமும் திருவள்ளூரிலிருந்து ரயிலில் போய் மாலைக்காரரைப் பிடித்தேன். எங்கள் பக்கத்தில் எரிமலை கிடையாது. கடல் இருக்கிறதே, அது போதும் என்றார் தலைவர்.

எனக்கு அந்த மாநாட்டில் ஒரே ஒரு காரியம்தான். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் மறுவருஷம் கடலடிப் பாறை எடுக்கக் கப்பலில் போகிறார், நம் நாட்டிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்வார், அந்த ஆளை இங்கேதான் பொறுக்கப் போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அறுபதுகளில் ஒரு தடவை நான் அப்படிக் கப்பலில் போயிருந்தேன். வாந்தி எடுத்த நேரம் போக மீதி நேரத்தில், ஆழத்திலிருந்து வாரிய கற்களைக் கழுவினேன். கழுவக் கழுவ ஒரு விஷயம் பிடிபட்டது. ஆழம் கூடக் கூடக் கல்லில் இருக்கும் காற்றுக்குமிழ்கள் சிறுத்துக்கொண்டே போயின. குமிழைப் பார்த்தே எரிமலை எவ்வளவு ஆழத்தில் கக்கியது என்று சொல்லிவிடலாம். இதை அவர் எதிரில் கால் மணி நேரம் பேசினால் போதும், கப்பல் எனக்குத்தான் என்று நம்பினேன்.

கடைசி நாள் கூட்டம் கும்மிடிப்பூண்டியில். அங்கே இரும்பு வார்ப்படத் தொழிற்சாலை வைத்திருந்த முதலாளி ஒருவர் பஸ்ஸும் சாப்பாடும் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு, அவருடைய புது உலையை விஞ்ஞானிகள் முன்னிலையில் மூட்ட வேண்டும். உருகின இரும்பும் எரிமலைக் குழம்பும் ஒரே ஜாதிதானே என்று தலைவர் ஒப்புக்கொண்டார்.

நிகழ்ச்சி நிரல் போட உட்கார்ந்தபோது தலைவர் முதலில் கேட்டது காலண்டரை. பூமியின் வயதைக் கோடிக் கணக்கில் பாடம் எடுப்பவர்தான். ஆனால் அதில் தினமும் ஒன்றரை மணி நேரத்தை ராகுவுக்கு ஒதுக்கிவிடுவார். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்குள் இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை. பன்னிரண்டுக்கு மேல் உலை, சாப்பாடு, நன்றியுரை. நடுவில் விழுந்த ஓட்டையில் பெரிய மனிதர்கள் யாரையும் போட அவருக்கு மனசு வரவில்லை.

"உங்களைப் போட்டுடலாமா? உங்களுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே" என்றார்.

கறுப்புச் சட்டை போடாத குறையாக ஸ்டாஃப் ரூமில் பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்தவன் நான். "தாராளமா போடுங்க சார்" என்றேன். ராகு என்னை என்ன செய்துவிடப் போகிறது?

அன்று பொன்னாடை முடியச் சரியாகப் பத்தரை. பேராசிரியர் முன்வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் எழுந்தேன். நிரலில் எழுதியபோது தைரியமாக இருந்த தலைவர், கடிகாரத்தைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். உலை மூட்டப்போகும் இடத்தில் இந்த நேரத்தில் எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்று முதலாளி வேறு அவர் காதில் கெஞ்சினார். தலைவர் பேராசிரியரிடம் குனிந்து என்னவோ சொன்னார். பேராசிரியர் பேனாவை மூடினார். வந்திருந்தவர்கள் மொத்தமும் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றேன். அப்போது உலையில் வேலை செய்கிறவர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கும் பன்னிரண்டு வரை வேலை இல்லை. மின்விசிறி சுற்றுகிற இடம் அது ஒன்றுதான் என்பதால் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் சாவகாசமாக உட்கார்ந்தார்கள். வீம்புக்காக நான் வாசிக்க ஆரம்பித்தேன்.

"இன்னா சார், இங்கிலீஷ்லயே சொல்லிக்கினு போனா எங்களுக்கு இன்னா தெரியும்? தமிழ்ல சொல்லு சார்" என்றார் பேராசிரியரின் நாற்காலியில் இருந்தவர்.

தமிழில் சொன்னேன். காட்டுவதற்காகக் கொண்டு வந்திருந்த கடலடிக் கல்லையும் கொடுத்தேன். அது கை மாறி மாறிப் போயிற்று.

"இம்மாம் பொத்தலா?" என்றார் அவர். "எங்க வார்ப்புல இப்டி பொத்தல் வுழுந்தா ஓனரு கண்டபடி திட்டிட்டு, ஒட்ச்சி மறுபடி உலையில போட சொல்லுவாரு. இத்த இன்னாத்துக்கு சார் கப்பல் வெச்சி எடுத்துக்கினு வந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆத்திரம் போய் நானும் சிரித்துவிட்டேன். தண்ணிக்குள் நெருப்பு எப்படி அணையாமல் இருக்கிறது, மீனெல்லாம் வெந்து போகாதா, பழவேற்காட்டுப் பக்கம் வெடித்தால் ஊரை விட்டு ஓட வேண்டுமா என்று துளைத்தார்கள். மூன்று நாள் மாநாட்டில் கேள்வி கேட்கப்பட்ட கட்டுரை என்னுடையது ஒன்றுதான். பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியதும், நான் பாதி வாக்கியத்தில் இருக்க, எழுந்து சூடம் கொளுத்தப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் பேராசிரியர் என்னைத் தேடி வந்தார். தலைவர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"உங்கள் கட்டுரையைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றார் பேராசிரியர். "மின்சாரம் இல்லை, படம் காட்ட முடியாது, அதனால் நீங்கள் பேசவில்லை என்று சொன்னார்கள். வாயால் சொல்லியிருக்கலாமே? கப்பலில் விளக்கு அடிக்கடி அணையும். அணைந்தாலும் வேலையை நிறுத்தாத ஆள்தான் எனக்கு வேண்டும். உண்மையிலேயே மின்சாரம் இல்லையா?"

இருந்தது ஐயா, விசிறி சுற்றியது, நான் பேசினேன், கேள்விகூடக் கேட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவரைப் பார்த்தேன். கை கூப்பாத குறைதான். ஒரு நிலவியல்காரர் ராகுவுக்குப் பயந்து மாநாட்டை நிறுத்தினார் என்று வெளிநாட்டுக்காரரிடம் சொல்ல, பகுத்தறிவு பேசுகிற எனக்கு நாக்கு எழவில்லை. போகிற மானம் அவருடையது மட்டுமல்ல, என்னுடையதும்தான் என்று தோன்றியது.

"இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே மின்சாரம் இருக்காது" என்றேன்.

அவர் வருத்தத்தோடு கை குலுக்கிவிட்டு பஸ் ஏறினார். கப்பல் கைவிட்டுப் போனது அந்தக் கை குலுக்கலிலேயே தெரிந்தது.

தலைவர் என் தோளைத் தட்டினார். "நல்ல வேளை, காப்பாத்தினீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்பவாவது நம்புறீங்களா? அந்த நேரத்துல போட்டிருக்கவே கூடாது" என்றார்.