பொண்டாட்டி வண்டியில் இருக்கிற பில்டர்

பங்காளி மேல் பொறாமைப்படலாம், பக்கத்துத் தோட்டத்துக்காரன் மேல் படலாம். கூடவே வேலைக்குச் சேர்ந்து நமக்கு முன்னால் கங்காணி ஆனவன் மேல் பட்டால் அதை யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். எங்கள் திருப்பதி கட்டின பொண்டாட்டி மேல் பொறாமைப்பட்டான். அதுவும் ஒரு வருத்தமா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

எனக்குப் போடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஜீப்பு, பைக்கு, மருந்தடிக்கிற மோட்டார் எல்லாம் பார்ப்பேன். மலையில் எங்காவது தோட்டத்து வண்டி படுத்துக்கொண்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ச் சரிசெய்துவிட்டு வருவேன். அப்படித்தான் திருப்பதி பழக்கம்.

திருப்பதிக்கு ஊர் ராசிங்காபுரம். இளவட்டத்திலேயே போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போனவன். உரம் வைத்தான், மருந்தடித்தான், கொஞ்ச காலம் ஆள் ஏற்றுகிற ஜீப்பும் ஓட்டினான். கல்யாணமாகி ஈஸ்வரியும் அதே தோட்டத்தில் காய் எடுக்க வந்தாள். அந்த முதலாளி ஒருநாள் நாலு சக்கர பைக்கு ஒன்றை வாங்கி இறக்கினார். ஜீப்பு திரும்ப முடியாத சரிவில் எல்லாம் அது ஏறும். அதுவரை ஆட்கள் தலையில் சுமந்த பச்சைக்காய் மூட்டைகளைக் காட்டிலிருந்து ஸ்டோருக்கு, அதாவது காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு, அது கொண்டுவந்து சேர்த்தது. சாவி திருப்பதி கைக்கு வந்தது. மறுநாளிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கங்காணி பெரியகருப்பன்கூட அவனைப் பேர் சொல்லாமல் ‘டிரைவர்’ என்று கூப்பிட்டார். டீ வந்தால் முதல் கிளாஸ் அவனுக்குத்தான்.

அப்படியே இருந்திருக்கலாம். முதலாளி இரண்டாவதாக ஒரு வண்டி வாங்கினார். எங்கோ மூடிப்போன ரிசார்ட்டில் சுற்றுலாக்காரர்கள் ஓட்டிக் களைத்த வண்டி. சைலன்சரை மாற்றியிருந்ததால் ஸ்டார்ட் செய்தாலே தோட்டம் முழுக்கக் கேட்கும். சீட்டைத் தூக்கினால், எஞ்சினுக்குப் போகிற காற்றை வடிகட்டக் கம்பெனி வைத்த கறுப்புப் பெட்டி இருக்காது. அந்த இடத்தில் கூம்பு மாதிரி, வெளியில் வாங்கி மாட்டிய சிவப்பு பில்டர் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கழற்றிய பெட்டியைச் சாக்கில் கட்டிக் கூடவே கொடுத்திருந்தார்கள்.

இந்த வண்டியை ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. பையன்கள் எல்லாம் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். “ஈஸ்வரிக்கு நான் சொல்லித் தர்றேன்” என்று வாயைக் கொடுத்தது திருப்பதிதான். வீட்டுக்கு இன்னொரு டிரைவர் சம்பளம் வரும், தான் முன்னால் போக அவள் பின்னால் வருவாள் என்று அவனுக்கு நினைப்பு.

அவள் பின்னால் வந்ததெல்லாம் கொஞ்ச நாள்தான். பிறகு அவன் மூட்டையோடு ஸ்டோருக்குள் நுழையும்போது அவள் வண்டி காலியாகித் திரும்பிக்கொண்டிருந்தது. “ஈஸ்வரி வந்துட்டா, காயக் கொண்டாங்க” என்று பெண்கள் அவளுக்காகக் கூவினார்கள். மழை பெய்து பாதை வழுக்கினால், எந்தப் பக்கமாக ஏறலாம் என்று கங்காணி அவளைக் கேட்டார். ஒருநாள் டீயின் முதல் கிளாஸும் அவளிடம் போனது. அவள் அதை வாங்கி அப்படியே புருஷனிடம் நீட்டினாள். அவன் வேண்டாம் என்றுவிட்டான். அன்றைக்கு முழுவதும் அவன் டீயே குடிக்கவில்லையாம்.

வயிற்றெரிச்சலுக்கு ஒரு காரணம் கிடைத்தால் கொஞ்சம் குளிரும். அவனுக்கு அந்தச் சிவப்பு பில்டர் கிடைத்தது. “அவ எங்க ஓட்டுறா? பில்டருல்ல ஓட்டுது!” என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னான். சத்தத்தைக் கேட்டவர்கள் நம்பினார்கள். ஈஸ்வரியும், “ஆமா, வண்டி அப்படி, நான் என்ன செஞ்சேன்” என்று சொல்லிவிடுவாள்.

இதோடு நின்றிருந்தால் புருஷன் பொண்டாட்டி சண்டையாகப் போயிருக்கும். காய் குறைந்துவிட்டது என்று முதலாளி ஒருநாள் இருவரையும் கூப்பிட்டார். “இனிமே ஒரு வண்டி போதும், ஒண்ண வித்துருவேன். யாரு ஓட்டுறதுன்னு கடைசிக் காய் எடுப்பு முடிஞ்சு வந்து சொல்றேன். மத்த ஆளு பழையபடி காட்டு வேலைக்குப் போயிருங்க” என்றார். திருப்பதிக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. தான் தலையில் மூட்டையோடு ஒதுங்கி நிற்க, பொண்டாட்டி வண்டியில் தாண்டிப் போகிற காட்சி அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

அப்போதுதான் கடைக்கு வந்தான்.

“அண்ணே, அவ வண்டியில இருக்குற மாதிரியே ஒரு பில்டரு வேணும்.”

“எவ வண்டியில?”

“எம் பொண்டாட்டி வண்டியில.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதனால் உட்காரவைத்து எடுத்துச் சொன்னேன். “இங்க பாரு திருப்பதி, ரேசு விடுறவன் இத மாட்டுவான். அவனும் சும்மா மாட்ட மாட்டான், உள்ள போற பெட்ரோல் அளவையும் சேத்து மாத்துவான். அப்பவும் முழு வேகத்துல போனாத்தான் ஏதோ கொஞ்சம் இழுவை கூடும். நீ மூட்டைய ஏத்திக்கிட்டு ஒண்ணாவது கியர்ல ஊர்ந்து ஏறுறவன். ஒனக்கு எதுக்கு இது? கம்பெனி பில்டர ஒழுங்காக் கழுவிப் போட்டாலே போதும். இது தெறந்து கெடக்குறது. ஒங்க மலை மஞ்சுல நனைஞ்சா இருக்குற இழுவையும் போயிரும்.”

“அப்ப அவளுக்கு மட்டும் எப்படிண்ணே ஏறுது?”

“ஒருவேள நல்லா ஓட்டுறாளோ என்னமோ.”

அவன் மூஞ்சி கறுத்துவிட்டது. “ஓட்டச் சொல்லிக் குடுத்ததே நாந்தாண்ணே” என்றான். கேட்டதை வரவழைத்துக் கொடுத்தேன்.

மாட்டிய அன்றைக்கு அவனுக்கு ஒரே கொண்டாட்டம். கறுப்புப் பெட்டியைக் கழற்றிப்போட்டதில் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற சத்தம் கும்மென்று கேட்டது. சத்தம் காதை நிறைத்ததும் வண்டி பறப்பதாக அவனே முடிவுகட்டிக்கொண்டான். ஸ்டோருக்குள் நுழைந்தபோது ஈஸ்வரி காலிச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தாள். ‘இன்னைக்குப் புதுசு, நாளைக்குச் சரியாயிரும்’ என்று நினைத்துக்கொண்டான். மறுநாளும் அதே கதைதான். கடைசி எடுப்பு நெருங்கியபோது மலையில் மூடுபனியாக மஞ்சு இறங்கி விலகவே இல்லை. பில்டர் நனைந்து, ஏற்றத்தில் வண்டி இருமி இருமி நின்றது. பாதி வழியில் நின்றவனைச் சுற்றிக்கொண்டு அவள் வண்டி மூட்டையோடு ஏறிப் போனது. இறக்கிவிட்டு வந்து அவன் மூட்டையையும் அவளே ஏற்றிக்கொண்டாள். நின்று போகிற வண்டியைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான், அந்த உதவியைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலாளி வருவதற்கு முந்தின சாயங்காலம் பில்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசினான். அந்த மஞ்சில் துணியே காயாது, பில்டர் எங்கே காயும்? தோட்டத்தில் சூடு இருக்கிற இடம் ஒன்றுதான், காய் உலர்த்துகிற அறை. தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருந்த அந்த அறையின் மூலையில் வைத்துவிட்டு வந்துவிட்டான். ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பீடி குடித்தவனையே அந்த அறைக்குள் விட மாட்டார்கள். பொறாமை அத்தனை வருஷப் பழக்கத்தையும் மறக்கடித்துவிட்டது.

மறுநாள் நான் அங்கே இருந்தேன். இருமுகிற வண்டியைப் பார்க்கக் கங்காணி வரச் சொல்லியிருந்தார். அறைக் கதவைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை வெளியே வந்தது. முதலாளி ஒரு பிடி காயை அள்ளி மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டார். பெரியகருப்பன் உள்ளே போய்ச் சிவப்பு பில்டரோடு வந்தார்.

“யாரு வச்சது?” என்று முதலாளி கத்தினார்.

திருப்பதி தன் வண்டியின் பக்கம் ஒதுங்கினான்.

“நாந்தான் வச்சேன்” என்றாள் ஈஸ்வரி. “என் வண்டிப் பில்டரு. காயட்டும்னு வச்சேன். தப்புத்தான்.”

“ஒன்னையப் போயி வெவரமானவன்னு நெனச்சேன் பாரு! சாவியக் குடு. திருப்பதியே ஓட்டட்டும்.”

அவள் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். நான் திருப்பதியைப் பார்த்தேன். அவன் முகத்தில் சந்தோஷம் வந்தது. கொஞ்ச நேரம்தான் என்றாலும் வந்தது. எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “அந்தச் சனியனத் தூரப் போட்டுட்டு அவ வண்டிக்குப் பழைய பெட்டிய மாட்டிருங்க. விக்கிறதுக்கு ஆகும்.”

நான் அவள் வண்டியின் சீட்டைத் தூக்கினேன். பழைய பெட்டி ஏற்கெனவே அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. உள்ளே கம்பெனி பில்டர், கழுவி எண்ணெய் தடவிச் சுத்தமாக இருந்தது. ஆடி மாதம் ஈஸ்வரி கடைக்கு வந்து என்னிடம் வாங்கிப் போனது. புருஷன் வண்டிக்கு வாங்குகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். சீட்டை மூடிவிடுங்கள் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அதற்குள் பெரியகருப்பன் எட்டிப் பார்த்துவிட்டார்.

“பெட்டி இங்கனதான இருக்கு! எப்பத்தா மாத்துன?”

“ஆடி மழையிலயே” என்றாள் தரையைப் பார்த்தபடி. “அந்தச் செவப்பு நனைஞ்சு நனைஞ்சு வண்டி நின்னுச்சு. அதான் எடுத்துட்டேன்.”

“அப்ப உள்ள இருந்தது யாரோடது?”

கடைசியில் திருப்பதிதான், “என்னோடது” என்றான்.

முதலாளி சாவியை ஈஸ்வரி கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் கிளம்பும்போது திருப்பதி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பு நிற்கிற இடம் வரை வந்தான். அவன் அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். அவன் கொதித்துக்கொண்டு வந்தான்.

“பழிய ஏத்துக்குறதுலயும் அவதான் முந்துனா, பாத்தீங்களாண்ணே?”

“அறிவு கெட்டவனே, ஒனக்காகத்தானடா சொன்னா!”

“தெரியும்ண்ணே. தெரியுறதாலதான் எரியுது.”

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஈஸ்வரி ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கனமான மூட்டையை முன்பக்கத்துக்கு மாற்றிக் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அவன் எல்லாவற்றையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, முன்சக்கரம் தூக்கத் தூக்க வளைந்து வளைந்து ஏறுவான். இதையாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று, “திருப்பதி, அவ மூட்டைய எப்படிக் கட்டுறான்னு...” என்று ஆரம்பித்தேன்.

“வேணாம்ண்ணே, சொல்லாதீங்க.” பெட்டியை ஜீப்புக்குள் தள்ளிவிட்டான். “இத ஒங்ககிட்டயா கேக்கணும்? வீட்டுக்குப் போயி அவகிட்டக் கேட்டா அவளே எல்லாத்தையும் சொல்லிருவா. அவ ஒளிச்சு வச்சிருந்தாக்கூட நான் தாங்கிருவேன்.”