கன்வர்ட்டர் தேடிப் போனது

என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்துவிடும். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்களில், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அந்த விபத்து நடந்தது. எங்கள் லாரியே பின்னுக்கு வந்து அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. ஓட்டியவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அதுவரை அவர் தன் லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வடக்கே வெகுதூரம் போய்வந்தவர். அதற்குப் பிறகு அவரை எங்கே போவதானாலும் யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் பழைய அமெரிக்கக் காரை விற்றார். எட்டு சிலிண்டர் வண்டி. கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை ஒருமுறை நகர்த்திவிட்டால் கியர் தானாக மாறிக்கொள்ளும். ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் வலது கால் ஒன்று போதும். என் கணவர் அதைப் போய்ப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மலையிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு இறங்கினார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குப் பயமாக இருந்தது. அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். விபத்துக்குப் பிறகு அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பெட்ரோலை அது தண்ணீர் மாதிரிக் குடித்தது. என் கணவரின் அண்ணன் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். லாரித் தொழிலும் நிலமும் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக இருந்ததால், சொல்வதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது.

சில வருடங்கள் வண்டி நன்றாகவே ஓடியது. ஒரு வெயில் காலத்தில் உதற ஆரம்பித்தது. நின்று கிளம்பும்போது அடியில் ஏதோ நடுங்கும். பிறகு என்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகரத் தயங்கும். கடைசியாக ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன மேட்டில் என்ஜின் கத்திக்கொண்டிருக்க, வண்டி அசையாமல் நின்றுவிட்டது. எங்கள் லாரி ஒன்றைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி சேலத்துக்கு இழுத்துப் போனார்கள். என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். வெளிநாட்டு வண்டிகளை அவரிடம்தான் கொண்டுபோவார்கள். அவர் கியர்பாக்ஸை இறக்கி ஆயிலை ஒரு தட்டில் பிடித்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது. தட்டைச் சாய்த்தால் இரும்புத்தூள் ஜிகினா மாதிரி மின்னியது. கியர்பாக்ஸைச் சரிசெய்துவிடலாம், கன்வர்ட்டர்தான் போய்விட்டது என்றார்.

டார்க் கன்வர்ட்டர் என்பது, ஒரு சட்டியின் மேல் இன்னொரு சட்டியைக் கவிழ்த்து ஓரத்தைப் பற்றவைத்தது போல இருக்கும். உள்ளே ஆயில். அதில் இரண்டு விசிறிகள் எதிரும் புதிருமாக நிற்கும். என்ஜின் ஒன்றைச் சுற்றினால் அது ஆயிலைத் தள்ளும், ஆயில் மற்றதைச் சுற்றும், அதிலிருந்து கியருக்கு ஓட்டம் போகும். கிளட்ச் செய்யும் வேலையை இது செய்கிறது. என் அப்பா ஆயில் என்ஜின் வைத்து மாவு மில் நடத்தியவர். பெல்ட்டும் புல்லியும் பார்த்து வளர்ந்ததால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது.

பழையதை லேத்தில் வைத்து அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே இறகுகள் உடைந்து கிடந்தன. புதிது வேண்டுமானால் கடல் தாண்டித்தான் வர வேண்டும், வந்தாலும் எப்போது என்று சொல்ல முடியாது. வேறு வழி, உள்ளூர் வண்டியின் கியர்பாக்ஸையும் கிளட்சையும் மாட்டுவது. அதைப் பலபேர் செய்திருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். அண்ணனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம், தம்பியும் நிம்மதியாகப் பின்னால் உட்காரலாம் என்று வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். என் கணவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"கிளட்ச் வெச்சா அந்த வண்டி எனக்கு எதுக்குங்க? வித்துப்போடலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

சென்னையில் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் சாமான் கிடைக்கும், தேடினால் ஒரு கன்வர்ட்டர் அகப்படலாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ஆனால் வண்டிக்காரர் வீட்டிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும், பழைய சாமானுக்குத் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். இரும்புக் குவியல்களுக்கு நடுவே கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு என் கணவரால் நடக்க முடியாது. அண்ணன் வரமாட்டேன் என்றார். நான் போகிறேன் என்றேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மெக்கானிக்கின் மனைவிக்குச் சென்னையில் சொந்தக்காரர்கள் இருந்ததால் அவரும் வருவதாக ஆனது.

பொருத்திப் பார்ப்பதற்காக, கியர்பாக்ஸிலிருந்து கழற்றிய ஷாஃப்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினோம். பழைய கன்வர்ட்டரின் போல்ட் துளைகளை அட்டையில் வரைந்து வெட்டியும் வைத்திருந்தார் மெக்கானிக்.

புதுப்பேட்டையில் தெரு முழுக்கக் கதவுகளும் பானெட்டுகளும் சுவர் மாதிரி அடுக்கிக் கிடந்தன. பல கடைகளில் கன்வர்ட்டர் என்றால் என்னவென்றே கேட்டார்கள். ஒரு கடையில், தாடி நரைத்த ஒரு பெரியவர், பின்பக்கம் போய் மூன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

முதலாவது சிறியது. ஆறு சிலிண்டர் வண்டியுடையது. துளைகள் பொருந்தின, ஷாஃப்டும் உள்ளே போனது. ஆனால் மெக்கானிக் அதை ஒதுக்கினார். எட்டு சிலிண்டருக்கு இது பிடிமானம் போதாது, என்ஜின் கத்தும் அளவுக்கு வண்டி போகாது, மேட்டில் நின்றால் பின்னால் உருளும், ஆயிலும் சீக்கிரம் சூடாகும் என்றார். எங்கள் தோட்டத்துக்குப் போகிற தடம் ஏற்றமும் இறக்கமுமானது. அது வேண்டாம் என்றேன்.

மற்ற இரண்டும் எங்கள் வண்டிக்குச் சரியான அளவு. ஒன்றைக் கழுவிக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் மண்ணும் ஆயிலும் அப்பியிருந்தன. மெக்கானிக் இரண்டையும் குலுக்கிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். மண் படிந்ததைச் சாய்த்தபோது கொஞ்சம் ஆயில் ஒழுகியது. சிவப்பாக இருந்தது, தீய்ந்த வாடை இல்லை. மற்றதில் ஒரு சொட்டும் இல்லை.

இவை இருந்த இரண்டு வண்டியும் எதற்காக உடைக்க வந்தன என்று பெரியவரிடம் கேட்டேன். பெயிண்ட் அடித்தது யாருடைய ஷெட்டிலோ கிடந்த சாமானோடு மொத்தமாக வந்தது, எந்த வண்டி என்றே தெரியாது என்றார். மற்றதைக் காட்டி, "இது ஆக்ஸிடென்ட் வண்டிம்மா. மரத்துல மோதிட்டாங்க" என்றார்.

"ஓட்டினவங்களுக்கு என்ன ஆச்சுங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "எனக்கு வண்டிதான் வந்துது. அவரு பிழைக்கலைன்னு சொன்னாங்க."

மெக்கானிக்கின் மனைவி என் கையைத் தொட்டார். மெக்கானிக் அந்தக் கன்வர்ட்டரைப் பக்கத்து லேத் பட்டறைக்குத் தூக்கிப்போய்ச் சுற்றிவிட்டுப் பார்த்தார். மோதலில் கோணியிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். கோணவில்லை. திரும்பி வந்து, சாமானைப் பொறுத்தவரை இதுதான் மேல் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆனா ஊட்ல என்ன சொல்லுவாங்கன்னு நீங்கதானுங்க பாக்கோணும். ஏற்கெனவே அடிபட்ட மனுசன்."

நான் கடைக்கு வெளியே கிடந்த ஒரு சீட்டில் போய் உட்கார்ந்தேன். அந்த மனிதர் யார், எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று ஒன்றும் தெரியாது. அவர் வீட்டில் என்னைப் போல ஒருத்தி இருந்திருப்பாள். அந்த வண்டியின் சாமானை எடுத்து என் கணவர் உட்காரும் இடத்துக்கு அடியில் மாட்டுவதா என்று தோன்றியது. இன்னொரு பக்கம், அந்த வண்டி மோதிய நிமிடம் வரைக்கும் ஓடியிருக்கிறது. மற்றது எதனால் நின்றது என்று சொல்ல ஆளில்லை.

உள்ளே போய், "ஓடிக்கிட்டு இருந்ததையே எடுத்துக்கலாம்ங்க" என்றேன்.

வீட்டில் யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் சொல்லாமல் மாட்டக்கூடாது என்று இருந்தேன். திரும்பி வந்த அன்று அவர் தென்னைக்குத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். அவர் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்காலை எடுத்த லாரி இன்னும் நம்ம ஊட்டுக்குத்தான புள்ள ஓடிக்கிட்டு இருக்குது. அதுல வர்ற சோத்தத்தான தின்னுக்கிட்டு இருக்கறோம்" என்றார்.

பிறகு, கன்வர்ட்டரில் ஆயில் நிரப்பிவிட்டுத்தான் மாட்ட வேண்டும், மெக்கானிக்கிடம் மறக்காமல் சொல்லச் சொன்னார். அவருக்கு அது தெரியாமல் இருக்காது என்றேன். இருந்தாலும் சொல் என்றார்.

வேலை முடிய நாளாயிற்று. ஒரு காலையில் நாங்கள் இருவரும் பஸ்ஸில் சேலம் போனோம். பட்டறை வாசலில் வண்டியைக் கிளப்பி, பிரேக்கை மிதித்தபடி கைப்பிடியை இழுத்தார். கியர் விழுந்ததில் லேசாக ஒரு தட்டுச் சத்தம். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும், ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே வண்டி மெல்ல நகர்ந்தது. உதறல் இல்லை. மெக்கானிக் பக்கத்திலேயே நடந்து வந்து அடியில் காது கொடுத்துக் கேட்டார். என் கணவர் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ரோட்டில் ஏறினார். நேராக வீட்டுக்குப் போகவில்லை. சேந்தமங்கலம் வரைக்கும் ஓட்டி, கொல்லிமலை அடிவாரத்தில் நிறுத்தி டீ குடித்துவிட்டுத்தான் திரும்பினோம்.

அடுத்த வருடம் எனக்கும் அதை ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கிளட்ச் இல்லாததால் எளிதாக வந்தது. அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது நான்தான் அவரைச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். பின் சீட்டில் இருந்தபடி எதிரே வருகிற வண்டிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். பெட்ரோல் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

எண்பதுகளில் வண்டியின் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பிரேக் சாமான் எங்கேயும் கிடைக்கவில்லை. கன்வர்ட்டருக்கு மட்டும் கடைசிவரை எதுவும் ஆகவில்லை. அதற்குள் உள்ளூர்க் காரிலேயே கிளட்சைக் கையால் இழுக்கும்படி ஒரு நெம்புகோலை வைத்துக் கொடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். என் கணவர் அப்படி ஒன்றைச் செய்துகொண்டார். அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் பழகிக்கொண்டார். பெங்களூரிலிருந்து பழைய கார்கள் வாங்கும் ஒருவர் வந்து அமெரிக்க வண்டியைக் கேட்டார். சேலம் வரை தானே கொண்டுவந்து தருவதாக என் கணவர் சொன்னார். சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஊர் வரும்வரை தூங்கிக்கொண்டே வந்தார்.