சிட்டம்மாளும் ஆக்சிஜன் மிஷினும்

சிட்டம்மாள் தன் ஆயுசில் பெரிதாகப் பொய் சொன்னவள் இல்லை. வேலைக்குப் போகப் பிடிக்காத அன்று தலைவலி என்பாள். அதை யார்தான் சொல்லவில்லை? அப்படிப்பட்டவள் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, பக்கத்து வீட்டு ஏஞ்சலிடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னாள். அந்தப் பொய்க்கு முன்னால் அவள் மாருக்கு என்ன வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

உத்திரமேரூருக்கு வெளியே இருந்த ஒரு ரைஸ்மில்லில் அவள் நெல் அவிக்கப் போனது கல்யாணமான புதிதில். உமியை அள்ளி அள்ளி அடுப்பில் போட வேண்டும், வெந்த நெல்லைக் களத்தில் கொட்டி வாரி விட வேண்டும். உமிப்புகை கண்ணைத்தான் கரிக்கும் என்று அங்கே எல்லாரும் நினைத்தார்கள். கண்ணுக்கு முந்தானை இருந்தது, துடைத்துக்கொண்டார்கள். மாருக்கு ஒன்றும் இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் அங்கே விறகு அடுப்பு. கட்டிய புருஷன் கோபால் மூட்டை தூக்குகிறவன், ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிப்பான். கடைசியில் பீடி குடித்தவன் கல் மாதிரி இருக்கிறான், ஒரு பீடியைத் தொடாதவளுக்கு மார் கெட்டது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

முதலில் களத்தில் நெல் வாரும்போது மூச்சு வாங்கியது. பிறகு குளிக்கும்போது வாங்கியது. அப்புறம் கால் வீங்கி மெட்டி கழற்ற முடியாமல் போயிற்று. உள்ளூர் டாக்டர் நீர் மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிந்தது, மறுபடி வந்தது. "கால்ல ஏதோ கெட்ட நீரு எறங்கிகீது" என்று சிட்டம்மாள் காலுக்கே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோபால்தான் ஒரு நாள் பயந்துபோய் அவளைச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான்.

அங்கே குழாயில் ஊதச் சொன்னார்கள். விரலில் கிளிப் மாட்டினார்கள். இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நுரையீரல் டாக்டர் கீதா சொன்னார்: "அம்மா, உங்க காலுக்கு ஒண்ணுமில்ல. நோய் நுரையீரல்ல இருக்கு. அதனால இதயத்தோட வலது பக்கம் களைச்சுப் போயிருக்கு."

"மாரு கெட்டா காலு எதுக்கு டாக்டரம்மா வீங்கணும்?" என்றாள் சிட்டம்மாள். நியாயமான கேள்விதான்.

"ஏரித் தண்ணி பாயுதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு வயல்ல பயிரே இல்ல. அந்த மடையைத் தொறந்து விடுவீங்களா?"

"எவன் விடுவான்? அத்த அடச்சிட்டு பக்கத்து வயலுக்குத் திருப்புவான்."

"நுரையீரல்ல ரத்தக்குழாயும் அதத்தான் செய்யுது. எந்த மூலைக்குக் காத்து போகலியோ, அந்த மூலைக்குப் போற குழாய் சுருங்கிக்கும். ரத்தம் காத்து இருக்கிற பக்கம் போகும்."

"நல்ல புத்திதானே?"

"ஒரு மூலையில மட்டும் காத்து இல்லன்னா நல்ல புத்தி. உங்களுக்கு எல்லா மூலையிலயும் காத்து கம்மி. எல்லா மடையும் ஒண்ணா அடச்சா என்னம்மா ஆகும்?"

ஏரிப்பாசன ஊரில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடைத்த மடைக்கு எதிரே ரத்தத்தைத் தள்ளித் தள்ளித்தான் அவள் இதயத்தின் வலது பக்கம் வீங்கிப்போயிருந்தது. தள்ள முடியாமல் பின்னால் தேங்கியதுதான் காலில் இறங்கியது. உடம்பில் மற்ற இடத்திலெல்லாம் பிராணவாயு குறைந்தால் ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கும். நுரையீரல் மட்டும் எதிர்க்கட்சி, அது சுருங்கும்.

டாக்டர் இன்னும் ஒன்று சொன்னார். குழாய்ச் சுவரில் ஏற்பிகள் என்று உண்டாம். 'சுருங்கு' என்று உடம்பு அனுப்பும் சேதியை வாங்கிக்கொள்கிற இடம் அது. "பிராணவாயு நாள் கணக்கா கொறஞ்சே இருந்தா சேதியும் அதிகமாகுது, அத வாங்குற ஏற்பியும் பெருகுது. அப்புறம் குழாய்ச் சுவரே தடிச்சுப் போயிடும். பின்னாடி தொறக்கணும்னாலும் சரியாத் தொறக்காது."

"அந்த ஏற்பிய அடைக்க ஒரு மாத்திரை இல்லியா? எல்லாத்துக்கும் மாத்திரை குடுக்கறீங்களே."

டாக்டர் சிரித்துவிட்டார். "இருக்கும்மா. அது வேற வகை நோய்க்காரங்களுக்கு. உங்களுக்குக் குடுத்தா காத்தே இல்லாத எடத்துலயும் குழாய் தொறந்துக்கும். ரத்தம் அங்க சும்மா போயிட்டு சும்மா திரும்பி வரும். உங்களுக்கு மருந்து ஆக்சிஜன்தான். வீட்லயே மிஷின் வெச்சு, ஒரு நாளைக்குப் பதினஞ்சு மணி நேரத்துக்குக் கொறையாம."

ஆக்சிஜன் என்ற சொல்லைக் கேட்டதும் சிட்டம்மாளுக்குத் தன் தெருதான் நினைவுக்கு வந்தது. கொரோனா வந்த வருஷம் அவள் தெருவிலிருந்து இரண்டு பேரை வண்டியில் ஏற்றினார்கள். 'ஆக்சிஜன் வெச்சிட்டாங்களாம்' என்று போன் வந்தது. அடுத்த போனுக்குத் தெருவே அழுதது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஆக்சிஜன் என்றால் ஒரே அர்த்தம்தான். அதற்கு மேல் பாடை கட்ட வேண்டியதுதான் பாக்கி.

காஞ்சிபுரத்தில் ஒரு டிரஸ்டுக்காரர்கள் மிஷினை இலவசமாகக் கொடுத்தார்கள். கோபால் அதை ஆட்டோவில் கொண்டு வந்தபோது சிட்டம்மாள் அதன்மேல் பழைய புடவையைச் சுற்றி, அரிசி மூட்டையாட்டம் உள்ளே தூக்கி வரச் சொன்னாள். உள் அறையில் பீரோவுக்குப் பின்னால் அது போய் உட்கார்ந்தது. பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று சொல்லியிருந்ததால் கோபால் பீடியைத் தெருமுனையோடு நிறுத்திக்கொண்டான். அந்த மட்டில் அவன் நல்லவன்.

ஆனால் சிட்டம்மாள் செய்தது என்ன? மூச்சு வாங்கினால் மிஷினைப் போடுவாள். கொஞ்சம் அடங்கியதும் நிறுத்திவிடுவாள். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், மூக்கில் இருக்கும் குழாயைப் பிடுங்கி முந்தானைக்குள் சொருகிக்கொள்வாள்.

"ஏம்மே, டாக்டரு இன்னா சொன்னாங்க, நீ இன்னா பண்ணிக்கினு கீற?" என்றான் கோபால்.

"உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருய்யா. எந்நேரமும் வெச்சிக்கினா ஒடம்பு அதுக்குப் பழகிப் பூடும். அப்பறம் அது இல்லாம மூச்சே வராது. வேணுங்கறப்ப மட்டும் போட்டா போதும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தத் தெருவே கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் மூச்சு வாங்குவது நின்றால் ரத்தக்குழாய் திறந்துவிட்டது என்று யார் சொன்னது? அவள் சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும், சுகமாகத் தூங்கும்போதும் உள்ளே காற்று குறைவுதான். வலியில்லாமல், சத்தமில்லாமல் அந்தக் குழாய்கள் சுருங்கிக்கொண்டுதான் இருந்தன. ஏற்பிகளுக்கு அவள் நாடகம் தெரியுமா?

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வீக்கம் முழங்கால் வரை ஏறியிருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. "எத்தனை நேரம் போடறீங்க? உண்மையச் சொல்லுங்க."

சிட்டம்மாள் கோபாலைப் பார்த்தாள். கோபால் ஃபேனைப் பார்த்தான்.

"வாங்கறப்ப மட்டும் போடறேன் டாக்டரம்மா."

"மூச்சு வாங்குறதுக்காக நான் குடுக்கலம்மா. ரத்தக்குழாய் சுருங்காம இருக்கக் குடுத்தேன். இப்படியே பண்ணினா அடுத்த தடவ நீங்க இங்க நடந்து வர மாட்டீங்க. உங்க இதயம் இதுக்கு மேல தாங்காது. புரியுதா?"

புரிந்தது. சாகப் பயமாகத்தான் இருந்தது. அதைவிட, 'சிட்டம்மாள் சாகக் கிடக்கிறாள்' என்று தெரு பேசுமே, வந்து வந்து பரிதாபமாகப் பார்ப்பார்களே, அதை நினைத்தால் உடம்பே கூசியது. வீடு வந்ததும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பகலெல்லாம் மிஷினை ஓட விட்டாள். மிஷினோ சும்மா ஓடுகிற ஜாதியில்லை. உர்ரென்று உறுமும். அதோடு சேர்ந்த பாட்டில் தண்ணீரில் காற்று குமிழியிட்டுக் களகளவென்று சத்தம் போடும்.

நாலு நாள் பொறுத்துப் பார்த்த ஏஞ்சல் ஜன்னலில் வந்து நின்றாள். "இன்னாக்கா அது? உள்ள தண்ணி கொதிக்கிற மாரி சத்தம் வருது?"

"அதுவா? அது தண்ணி சுத்தம் பண்ற மிஷினு. ஊட்டுக்காரரு வாங்கினு வந்தாரு."

இதுதான் நான் ஆரம்பத்தில் குறிப்பிட்ட பொய். சொன்னவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மறுநாள் காலையில் ஏஞ்சல் இடுப்பில் ஒரு குடத்தோடு வந்து நின்றாள். கோபால் வேலைக்குப் போகும் அவசரத்தில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தான்.

"பஞ்சாயத்துத் தண்ணி ஒரே உப்புக்கா. ஒரு கொடம் புட்சிக்கினு போயிடறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் நேராக உள் அறைக்கு வந்துவிட்டாள். மூக்கில் குழாயோடு சிட்டம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஏஞ்சலுக்குக் குடம் இடுப்பிலிருந்து நழுவியது. அந்தக் குழாயை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், வண்டியில் ஏறிய இரண்டு பேரில் ஒருவர் அவளுடைய மாமனார்.

"ஐயோ அக்கா! இவ்ளோ தூரம் ஆயிப்போச்சா!"

"சீ, கத்தாதடி. ஒண்ணுமில்ல. இது மருந்து மாரி."

ஏஞ்சல் எங்கே கேட்டாள்! அழுதுகொண்டே போனாள். நாஷ்டா நேரத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். இன்னொருத்தி வாழைப்பழத்தோடு வந்து, சிட்டம்மாள் காலைத் தொட்டுத் தடவி, மூக்கைச் சிந்தினாள். மூலைவீட்டு ஆண்டாளம்மாள் சுற்றிவளைக்காமல், "எதுனா ஆச இருந்தா சொல்லிடு, மனசுல வெச்சுக்காத" என்றாள். சிட்டம்மாளுக்கு எரிச்சல் பொங்கியது. மிஷினை நிறுத்தி எல்லாரையும் விரட்டிவிட்டு, வீம்புக்கு எழுந்து பாத்திரம் விளக்கினாள். நாலு பாத்திரம் விளக்குவதற்குள் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் திருமுக்கூடலிலிருந்து தம்பி தாண்டவராயன் வந்தான். எப்போதும் போனில்கூடப் பேசாதவன். கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே நுழைந்து, தரையில் உட்கார்ந்து சாதம் பிசைந்துகொண்டிருந்த அக்காளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாடா, பேயப் பாத்தாப்பல பாக்கற? குந்து. சாப்பிட்டியா?"

"இல்லக்கா... ஆக்சிஜன் வெச்சிட்டாங்கன்னு போன் வந்துச்சி. அதான்..." பையை அவன் முதுகுக்குப் பின்னால் நகர்த்தினான். மறைக்கத் தெரியாதவன். அக்காளுக்கு மறைக்கிற வித்தை அத்தனையும் தெரியும்.

"பையில இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"குடுடா இப்டி."

இழுத்துப் பார்த்தாள். அரக்கு நிறத்தில் ஒரு புதுப் புடவை, மடிப்புக் கலையாமல். கூடவே கொஞ்சம் மஞ்சள், ஒரு முழம் பூ. கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டார் கொண்டு வந்து பிணத்தின்மேல் போர்த்தும் கோடிப் புடவை அது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எத்தனை சாவு வீட்டில் பார்த்திருக்கிறாள்!

"எனக்காடா?"

தாண்டவராயன் அழுதுவிட்டான். "மன்னிச்சிக்கக்கா. இங்க வந்து கடையத் தேடிக்கினு நிக்க முடியாதுன்னு... வர்ற வழிலயே வாங்கினு வந்துட்டேன்."

சிட்டம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. "பாவி! போன பொங்கலுக்கு வருவியோன்னு வாசலப் பாத்துக்கினு இருந்தனே, அப்ப ஒரு பொடவ எடுத்துக்கினு வர உனுக்குத் தோணல. உயிரோட கீறவளுக்கு ஒண்ணுமில்ல, பொணத்துக்குன்னா ஓடி வர!" சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டியது. வாய் திறந்தபடி இருந்தது, காற்று வரவில்லை. தாண்டவராயன் பதறிப்போய், "அக்கா, அக்கா, அந்த மிஷினு எங்க? எத்த அமுக்கணும்?" என்று அலறினான். அவள் கையைக் காட்டினாள். அவன் பீரோவைப் பிடித்து நகர்த்தி, மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, பட்டனைத் தட்டினான். குழாயைத் தானே எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள். மூச்சு மெல்ல மெல்லத் தணிந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்த வாசக்கதவாண்ட தள்ளிப் போடு. அங்க ஒரு பிளக்கு கீது."

"எதுக்குக்கா? தெருவே பாக்குமே."

"பாக்கட்டும். தள்ளு."

அவனை வெளியே நிற்கவைத்துவிட்டு, அந்த அரக்குப் புடவையை உதறிக் கட்டினாள். வீங்கின காலோடு கொசுவம் வைப்பது எளிதாக இல்லை. பூவையும் தலையில் வைத்துக்கொண்டாள். வாசலில் நாற்காலியைப் போட்டு, மூக்கில் குழாயோடு, மிஷின் உறும, பட்டப்பகலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். ஏஞ்சல் ஓடி வந்தவள் புடவையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். ஆண்டாளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா பாக்கறீங்க? பொறந்த வூட்லேர்ந்து வந்த கோடி. நல்லாகீதா?" என்றாள் சிட்டம்மாள். "இந்த மிஷினு தெனம் ஓடும், பொழுதுக்கும் ஓடும். இது நின்னாதான் எனக்குக் கேடு. ஓடறதப் பாத்து எவளும் ஒப்பாரி வெக்காதீங்க."

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். தாண்டவராயன் வாசற்படியில் உட்கார்ந்து, அவள் போட்டுக்கொடுத்த சாதத்தைத் தலைகுனிந்தபடி சாப்பிட்டான். பாதியில் ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அக்கா, இத்த நீ கட்டிக்கினியே... அப்ப நாளைக்கு, நெசமாவே உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா, வேற எடுக்கணுமா?"

"எடுத்துதான் ஆவணும்டா. அவசரமில்ல, பாத்து நல்லதா எடு" என்றாள் சிட்டம்மாள்.