தரிசு என்று எழுதிய கொல்லையில் ஓர் ஆட்டுப்பட்டி

போன தை மாதம், பொங்கல் முடிந்த மறு வாரம், ஒரு வியாழக்கிழமை. தருமபுரி என்றதுமே ஒகேனக்கல் போகலாம், பரிசலில் சுற்றலாம், பொரித்த மீனை ஒரு கை பார்க்கலாம் என்று மனக்கோட்டை கட்டிவிட்டேன். "ஒரே ஒரு கொல்லையைப் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றாள் என் மனைவி வசந்தி. அவளுடைய 'ஒரே ஒரு' என்னவென்று எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி இருபது வருடம் ஆகிறது.

வசந்தி வரலாற்று ஆய்வாளர். ராஜா ராணி வரலாறு இல்லை. இந்தப் பக்கத்து மேட்டு நிலங்களில் யார் எதை விதைத்தார்கள், மழை பொய்த்தால் எப்படிப் பிழைத்தார்கள், காடும் ஆடும் கேழ்வரகும் ஒன்றையொன்று எப்படித் தாங்கின என்பதுதான் அவள் வேலை. அத்தனை வருட உழைப்பும் புத்தகமாகி அச்சுக்குப் போகவிருந்தது. சனிக்கிழமைக்குள் சரிபார்த்த பக்கங்களை அனுப்ப வேண்டும். அதில் ஐந்தாம் அத்தியாயம்தான் அவளுக்குப் பேர் வாங்கித் தந்த பழைய கட்டுரை. மழை குறைந்த வருடங்களில் பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் மக்கள் நிலத்தைக் கைவிட்டுப் போனார்கள் என்று, பழைய பதிவேட்டில் கண்ட 'தரிசு' அளவை வைத்து இளம் வயதில் எழுதியிருந்தாள். அந்தக் கட்டுரையால்தான் வேலையே கிடைத்தது. கைவிட்ட நிலம் இன்று எப்படி இருக்கிறது என்று ஒரு புகைப்படம் மட்டும் பாக்கி. அதற்குத்தான் இந்தப் பயணம்.

சேலத்தில் காலை 5.40க்கு பஸ். 65 கிலோமீட்டர், ஆளுக்கு 58 ரூபாய், 7.15க்கு தருமபுரி. பேருந்து நிலையத்திலேயே இட்லி, வடை, காபி, இருவருக்கும் 110 ரூபாய். (வடையை மறக்காதீர்கள்.) 7.40 டவுன் பஸ்ஸில் பாப்பாரப்பட்டிக்கு எனக்கு 15 ரூபாய், வசந்திக்கு மகளிர் இலவசம். "என் ஆய்வுக்கு அரசு நிதி" என்று சிரித்தாள். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, 150 ரூபாய்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "நெலம் பாக்க வந்தீங்களா சார்? கம்பெனி வருதுன்னு பேசிக்கறாங்க. இப்பவே வாங்கிப் போட்டுடுங்க."

"நிலம் பாக்கத்தாங்க வந்தோம். வாங்க இல்ல" என்றாள் வசந்தி.

"வாங்காம பாத்து என்னாங்க பண்றது?" என்று கேட்டார் அவர். நியாயமான கேள்வி. என் மாமனாரும் இதையேதான் இருபது வருடமாகக் கேட்கிறார்.

கொல்லை என்றால் இங்கே மானாவாரி நிலம். வசந்தி தேடி வந்த கொல்லையில் ஒரு முள்செடிகூட இல்லை. கேழ்வரகு அறுத்த தாள், அதன்மேல் நூறு ஆடுகளுக்குக் குறையாமல் ஒரு பட்டி. பனி காயட்டும் என்று மேய்ச்சலுக்குப் போகாமல் நின்றிருந்தன. கொல்லைக்குச் சொந்தக்காரர் மாதம்மா, ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டோடு வந்தார். வசந்தி தன் அத்தியாயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு செல்போனைத் தூக்கினாள். அவ்வளவுதான், மாதம்மா கையால் மறைத்துவிட்டார்.

"போட்டோ எடுக்காதம்மா. வுட்டுட்டு ஓடிப்போனவங்க நெலம்னு போடவா? யாரு ஓடுனா? எங்க மாமனாரு, அவரு அப்பன் எல்லாம் இங்கதான் இருந்தாங்க. வருசத்துக்கு ஒரு கொல்லைய சும்மா போட்டு பட்டி போடுவாங்க. ராவெல்லாம் ஆடு கெடந்தா அதான் எரு. அடுத்த வருசம் அடுத்த கொல்லை. இப்பல்லாம் நாங்க அறுத்துட்டு ரெண்டு வாரந்தான் போடறோம்."

வசந்தி பையிலிருந்த பதிவேட்டு நகல்களை வரப்பில் பரப்பி, பறக்காமல் கல் வைத்தாள். இளம் வயதில் அவள் ஊர் மொத்தத் தரிசை மட்டும் கூட்டிப் பார்த்திருக்கிறாள். இப்போது ஒவ்வொரு கொல்லையின் எண்ணாகப் பார்த்தாள். முதல் வருடம் இந்தக் கொல்லை தரிசு, அடுத்த வருடம் பக்கத்துக் கொல்லை, அதற்கடுத்து ஓடையோரம், நான்காம் வருடம் மறுபடியும் இதே கொல்லை. யாரும் ஓடவில்லை. நிலத்துக்கு முறைவைத்து எரு போட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் விளைச்சலை எழுத இடமிருந்தது, ஆட்டை எழுத இடமில்லை.

 அந்த அத்தியாயம் போனால் அவள் பேரே போய்விடுமே! "விடு வசந்தி, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். சொன்னதை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

"மாதம்மாவுக்குத் தெரியுமே" என்றாள். அங்கேயே நின்று பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். "அஞ்சாம் அத்தியாயத்த நிறுத்துங்க. நான் தப்பா எழுதியிருக்கேன்." சுற்றிலும் ஆடுகள் கத்த, குரல் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். அவள் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

ஒகேனக்கல்லுக்கு அன்று போகவில்லை என்று தனியே சொல்ல வேண்டுமா?

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், வெயிலைத் தாங்கலாம். பட்டியைப் பார்க்கக் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். திரும்ப வர ஆட்டோ கிடைக்காது, வந்த ஆட்டோவையே நிறுத்திக்கொள்ளுங்கள், மணிக்கு 100 ரூபாய் கேட்பார்கள். வெற்று நிலத்தைப் பார்த்து 'சும்மா கிடக்குது' என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

புத்தகம் தாமதமாக, வைகாசியில்தான் வந்தது. 'முன்பு நான் எழுதியது தவறு' என்றே ஐந்தாம் அத்தியாயம் தொடங்குகிறது. அந்தப் பக்கத்தை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாமனார் பார்க்கும்படி மூன்று முறை போட்டேன். முதல் பிரதியோடு அதே டவுன் பஸ்ஸில் போனோம். கொல்லை உழுது கிடந்தது. வசந்தி வரப்பில் நின்று படித்துக் காட்டினாள்.

"ஓடலன்னு போட்டுட்டியா?" என்று கேட்டார் மாதம்மா.

"போட்டுட்டேங்க. உங்க பேரும் இருக்கு."

மாதம்மா தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லையின் நடுவே போய் நின்றார்.

"இப்ப எடு போட்டோ."