வயிற்றுவலி என்று எழுதிய இருபத்து மூன்று பேர்

1983, ஜனவரி முதல் டிசம்பர் வரை: பூச்சிமருந்து குடித்து வந்தவர்கள் 23.
பிழைத்து வீடு போனவர்கள் 14. திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது 9.
பதிவேட்டில் வயிற்றுவலி 23. தற்கொலை முயற்சி 0.
1984 பிப்ரவரி 6: அம்சத்தின் விண்ணப்பம்.
மார்ச் 12: மறுப்பு.

அந்தப் பூஜ்யம் என் கையெழுத்து. நன்னிலம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் எழுத்தர். உள்ளதை எழுதினால் போலீஸ் கேஸ். பிழைத்தவர் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். உறவுக்காரர்கள் கெஞ்சுவார்கள். வயிற்றுவலி என்று எழுதிவிடுவேன். உதவி என்றே நினைத்தேன்.

அம்சம் அங்கே பதினொரு வருடம் நர்ஸ். பூம்புகாரில் மீன் விற்ற தாய் படிக்கவைத்த பெண். விஷம் குடித்தவரின் வயிற்றைக் கழுவுவதில் டாக்டரைவிட வேகம். கழுவி முடித்தபின் அந்த மனிதரிடம் என்ன பேசுவதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வீரையன் அந்தப் பதினான்கு பேரில் ஒருவர். அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுத நிலம். குத்தகைப் பதிவில் அவர் பெயர் ஏறவேயில்லை. மிராசுதார் நிலத்தை விற்றதும் வீரையன் வெளியே நின்றார். பிழைத்த பிறகு புதன்கிழமைதோறும் வந்து பெஞ்சில் உட்காருவார்.

"என்ன பண்ணுதுண்ணே?"

"ஒண்ணும் பண்ணல நர்ஸம்மா. அதான் பண்ணுது."

"சத்து ஊசி போடட்டுமா?"

"யூரியாவா? போடுங்க, வெளையுதான்னு பாப்போம்."

வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அம்சம் சிரிக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்த ஆளு மறுபடி குடிச்சிடுவாரு. என்ன கேக்கணும்னே எனக்குத் தெரியல. மெட்ராஸ்ல நர்ஸுங்களுக்குப் பதினஞ்சு நாள் மனநலப் பயிற்சி தர்றாங்களாம். எழுதிப் போடுங்க சார்."

எழுதினேன். பதில் வந்தது: 'தங்கள் நிலையத்தில் இவ்வகை நோயாளிகள் எவரும் பதிவாகாததால் பரிசீலிக்க இயலாது.'

அம்சம் அதை இரண்டு முறை படித்தார். "எவரும் இல்லையாமே சார். அப்ப நான் யார் வயித்தக் கழுவுனேன்?"

திருத்திய பட்டியல் அனுப்பினால் பொய்ப்பதிவு வெளியே வரும். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. நாளை, நாளை என்று தள்ளினேன். ஒவ்வொரு புதன்கிழமையும் அம்சம் டீ வாங்கிக்கொடுத்து வீரையன் பக்கத்தில் உட்கார்ந்தார். "தைரியமா இருங்கண்ணே" என்பார். "சரிங்க" என்பார் அவர். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு இருக்காது.

ஏப்ரல் 18, புதன்கிழமை. பெஞ்ச் காலி. பதினொரு மணிக்கு அம்சம் அவர் வீட்டுக்கே போனார். மனைவி பூவம்மாள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

"வயலப் பாத்துட்டு வரேன்னு போனாருங்க."

"எந்த வயல் அக்கா?"

பூவம்மாளின் கை நின்றது. இருவரும் ஓடினார்கள். விற்றுப்போன அந்த நிலத்தின் வாய்க்கால் கரையில் அவர் கிடந்தார். அம்சம் கழுவுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் இருபத்து மூன்று பேரையும் உள்ளபடி எழுதினேன். மறுப்பு வந்து முப்பத்தெட்டு நாள் தாமதம். எதிரே நின்ற அம்சம் ஒன்றுதான் சொன்னார்.

"அவரு பேர மொதல்ல எழுதுங்க சார்."

அப்படியே எழுதி, கீழே பொய்யாகப் பதிந்தவன் என்று என் பெயரையும் போட்டு அனுப்பினேன்.

அம்சத்துக்குப் பயிற்சி அனுமதிக் கடிதம் வந்தது 1984 மே 9, புதன்கிழமை.