அடுப்புத் தீ என்று எழுதிய கார்டுகள்

என் அப்பாவுக்கு விருதுநகரில் வத்தல் மண்டியில் வேலை. செடியில் இன்னும் காய்க்காத மிளகாய்க்கு அங்கே விலை பேசுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, வரப்போகிறதைக் கணக்குப் போடுவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் வரப்போகும் தீக்காயத்துக்கும் கணக்குப் போட வேண்டியிருக்கும் என்பது, சாத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. கணவர் பள்ளிக்கூட வாத்தியார். நான் ஆஸ்பத்திரி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கார்டு எழுதுவேன். பேர், ஊர், வயது, என்ன செய்கிறது, எதனால் வந்தது. ஜனங்கள் என்னைச் சீட்டம்மா என்பார்கள்.

எங்கள் டாக்டரம்மா நல்ல மனுஷி. ஆனால் தாளில் இருந்தால்தான் எதையும் ஒப்புக்கொள்வார். அவர் வந்த பிறகு ஒரு புது ஏற்பாடு. கிறிஸ்துமஸ் கழிந்ததும், மூன்று வருஷக் கார்டுகளை மரப்பெட்டியிலிருந்து எடுத்து, காரண வாரியாகப் பிரித்து, மாதம் மாதமாக எண்ணி, கட்டம் போட்ட ஒரு பெரிய தாளில் நான் ஏற்ற வேண்டும். கூடிக்கொண்டு போகிறதா குறைகிறதா என்று பார்த்து, அடுத்த வருஷம் எந்த மாதத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று கடைசி வரிசையில் அவர் எழுதுவார். அதற்கு எஸ்டிமேட் என்று பேர். அந்தக் கடைசி வரிசையைப் பார்த்துத்தான் மிஷன் தலைமையிடத்திலிருந்து வாஸ்லின் களிம்பு தடவிய கட்டுத்துணியும், நரம்பில் ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில்களும் வரும்.

அதில் ஒரு சங்கதி உண்டு. அடுப்பில் சுட்டுக்கொண்டவர் என்றால் ஊதா மருந்து தடவி வீட்டுக்கு அனுப்புகிற அளவுக்குத்தான் சாமான் தருவார்கள். பட்டாசு ஆபீஸில் வெந்தவர் என்றால் வாரக்கணக்கில் கட்டில், கட்டு, பாட்டில் எல்லாம் உண்டு. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் தாளில் வேறு வேறு கட்டம்.

முதல் தடவை பிரித்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆபீஸ் கட்டம் கிட்டத்தட்டக் காலி. அடுப்புக் கட்டம் நிரம்பி வழிந்தது. அதுவும் தீபாவளி ஆர்டருக்கு ஆலாய்ப் பறக்கிற சீசன் மாதங்களில். அதில் பாதிப் பேர் ஆண்கள். எங்கள் ஊர் ஆம்பளைகள் வெந்நீர் போடக்கூட அடுப்பைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. கார்டை நம்பினால், ஆடி பிறந்ததும் அத்தனை பேரும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார்கள்.

காரணம் ஊருக்கே தெரியும். ஆபீஸில் வெந்தது என்று எழுதினால் போலீஸ் வரும், இன்ஸ்பெக்டர் வருவார், ஷெட்டைப் பூட்டுவார்கள். பூட்டினால் அதே வீட்டில் இன்னும் நாலு பேருக்குப் பிழைப்பு போகும். அதனால் கம்பெனிக் கணக்கப்பிள்ளை வண்டியில் கூடவே வருவார். வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே, “அடுப்புன்னு எழுதிக்கிடுங்க” என்பார். வெந்து கிடக்கிறவனும் தலையை ஆட்டுவான்.

நான் வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை. தாளைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

“அம்மா, இதெல்லாம் அடுப்பு இல்ல. ஆபீஸ்ல வெந்தது. நகத்துக்குள்ள அலுமினியப் பொடிய நானே பாத்தேன்.”

“கார்டு எழுதினது நீங்கதானே?”

“அவங்க சொல்றதைத்தானே எழுத முடியும்?”

“அப்போ அதைத்தான் ஏத்தவும் முடியும்” என்றார்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. கட்டுப் போட்டதே அவர்தானே. ஆனால் அவர் முன்பு இருந்த ஆஸ்பத்திரியில் ஒருமுறை, கார்டோடு ஒத்துவராத தாளைத் தலைமையிடம் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த வருஷம் ஒரு சாமானும் நேரத்துக்கு வரவில்லை. அந்தப் பயம் அவருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் கார்டில் உள்ளபடியே ஏற்றிக் கொடுத்தேன். தாள் போனது, தாளுக்கு ஏற்றபடி கொஞ்சம் துணி, கொஞ்சம் பாட்டில் வந்தது.

எங்கள் பின்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மழை பொய்த்துக் காட்டு வேலை நின்றதும் வெடிக்கு மருந்து அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குடத்தோடு குழாயடிக்கு வந்தால் ஊரையே கிண்டல் பண்ணுவாள். சாயங்காலம் என்னைப் பார்த்ததும், “என்னக்கா, இன்னிக்கு எத்தன ஆம்பளைக சோறு பொங்குனாக?” என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் புரட்டாசியில் ஒரு மத்தியானம் அவளையே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வலது கை முழங்கை வரைக்கும் தோல் வழன்று தொங்கியது. கணக்கப்பிள்ளை ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம் நின்றார்கள்.

நான் குனிந்து அவள் காதோரம் கேட்டேன். “ஏட்டி, இந்நேரம் ஷெட்டுல இருக்கவ நீ. ஒனக்கு எங்கன இருந்து அடுப்பு வந்துச்சு?”

“எழுதுங்கக்கா. அவுக நிக்காக” என்றாள். பல் கிட்டிப் போயிருந்தது. அந்த நிலைமையிலும் அவள் கண் கணக்கப்பிள்ளையைத்தான் பார்த்தது. எழுதினேன்.

அந்த மாதம் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். எல்லாம் அடுப்பு. வாஸ்லின் துணி தீர்ந்துவிட்டது. தலைமையிடத்துக்குத் தந்தி அடித்தோம். உங்கள் எஸ்டிமேட்டுக்குமேலே அனுப்ப இப்போது கையிருப்பு இல்லை என்று பதில் வந்தது. நர்ஸுகள் பழைய வேட்டியைக் கிழித்து வேகவைத்துக் கட்டினார்கள். அதைப் பிரிக்கிறபோதெல்லாம் புதுத்தோலும் சேர்ந்து வந்தது. அவள் போட்ட சத்தம் என் மேஜை வரைக்கும் கேட்டது. விரலுக்கு விரல் தனித்தனியாகச் சுற்ற வேண்டும்; அம்புட்டுத் துணிக்கு எங்கே போக? கையை மொத்தமாகப் பொதிந்தார்கள். ஆறிப் பிரித்தபோது நாலு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. டாக்டரம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்; பிரியவில்லை.

மறுபடி எஸ்டிமேட் போடுகிற காலம் வந்தது. இந்தத் தடவை அவரே என் மேஜைக்கு வந்தார். “அவங்க வீடுகள்ல கேட்டுப் பாருங்க. சம்மதிச்சா காரணத்தைத் திருத்தி நான் கையெழுத்துப் போடுறேன். ஆபீஸ் கட்டத்துல ஏத்தலாம்” என்றார். எனக்கு உயிர் வந்தமாதிரி இருந்தது. நேரே பின்வீட்டுக்குத்தான் போனேன். அவள் சம்மதித்தால் மற்றவர்களும் சம்மதிப்பார்கள் என்று நினைத்தேன்.

அவள் இடது கையால் அரிசி புடைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பாதி அரிசி தரையில் கிடந்தது. “வாங்கக்கா, சாப்பிட்டீகளா?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“வேணாம்க்கா. அடுப்புன்னே இருக்கட்டும்.”

“எதுக்குட்டி இன்னும் பயப்படுத? இனி அங்கன நீ வேலைக்குப் போகப்போறியா?”

“நான் போகல. எம்மவ போறா. பொங்கல் கழிஞ்சதும் எம்பேருக்குப் பதிலா அவளச் சேத்துக்கிட்டாக.”

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரிடம் படித்துக்கொண்டிருந்தவள். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அவளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். புத்தி இருக்கா ஒனக்கு, பெத்த வயிறா இது என்றெல்லாம் கேட்டேன். அவள் தரையில் சிந்திய அரிசியை இடது கையால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டாள்.

“அக்கா, கார்டத் தொடாதீக. ஆனா அந்த வழுவழுன்னு இருக்குமே, துணி, அத அவளுக்கும் சேத்துக் கேட்டு வச்சிருங்க.”

மற்ற வீடுகளுக்கு நான் போகவில்லை. கார்டுகள் அப்படியே கிடந்தன. பழைய மாதிரியே எண்ணி, பழைய மாதிரியே கட்டம் கட்டமாக ஏற்றினேன். டாக்டரம்மா எழுத வேண்டிய கடைசி வரிசையில், ஆபீஸ் என்ற கட்டத்தில், செப்டம்பருக்கு நேரே ஒன்று என்று மட்டும் போட்டு வைத்தேன்.

அவர் தாளையும் கார்டுகளையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் விரல் நின்றது.

“இது எந்தக் கார்டு?”

“அதுக்கு இன்னும் கார்டு போடலம்மா. விரல் ஒட்டிப்போனாளே, அவ மக. இப்போ ஷெட்டுக்குப் போறா” என்றேன்.

பேனாவைத் திறந்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை.